சேமியாவுக்கும் சுத்தபோசனம்

போன வாரம் நோராவை ஈரம் காயாத ஒரு கிண்ணத்தோடு சமையலறை வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். நின்று நின்று அவளுக்குக் கால் வலித்ததோ இல்லையோ, மனசு நன்றாகப் புளித்துவிட்டது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாந்தோமில், கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிற வீடு. மருமகள்கள் இருவர். மூத்தவள் சோஃபியா, பாலவாக்கத்தில் பிறந்தவள். கணவன் ஃபிரெட்ரிக் கப்பலில் வேலை பார்ப்பதால் வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. இளையவள் நோரா, கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். கணவன் விக்டர் நல்லவன். நல்லவன் என்றால், சண்டை வந்தால் பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறவன்.

சேமியா என்பது நோராவின் பூனைக்குட்டி. வெளுத்து, மெலிந்து, பிறந்ததிலிருந்தே வயிறு சரியில்லாத ஐந்து மாதக் குட்டி. அது ஒரு நாள் சோஃபியாவின் பட்டுப்புடவை மேல் வாந்தி எடுத்தது. "இந்தச் சனியனுக்கு எதையாவது வச்சு ஒரு நாள் தீர்த்துடறேன் பாரு" என்றாள் சோஃபியா. கோபத்தில் யார்தான் பேசுவதில்லை? ஆனால் நோரா அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பிறகு ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் வந்தது. அது தொடங்குகிற திருநீற்றுப் புதனுக்கு அடுத்த நாளே சேமியாவுக்கு வயிறு போக ஆரம்பித்தது. ஒரு ராத்திரி நன்றாக இருக்கும், மறுநாள் காலை சுருண்டு கிடக்கும். போன வாரம் வியாழக்கிழமை நோரா பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்தபோது, சோஃபியா சேமியாவின் கிண்ணத்தை அவசர அவசரமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் மாறியது.

ஒரு டீச்சருக்கு அது போதாதா?

அன்றிலிருந்து குட்டியைத் தன் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள் நோரா. அப்படியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, இன்னும் மோசமானது. நியாயமாகப் பார்த்தால் அங்கேயே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சோஃபியாவிடம் மாற்றுச் சாவி இருக்கிறது என்று முடிவு கட்டினாள்.

இந்த வெள்ளிக்கிழமை காலை சேமியா தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருந்தது. குடிக்கவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டலாம்ல?" என்றான் விக்டர், முகத்தில் பாதி ஷேவிங் நுரையோடு.

"டாக்டர் என்ன பண்ணுவாங்க? வைக்கிறவங்க வீட்டுக்குள்ளயே இருக்காங்க."

"அண்ணி அப்படிப்பட்டவங்க இல்ல நோரா."

"உங்களுக்கு யாருதான் அப்படிப்பட்டவங்க?"

விக்டர் பாத்ரூமுக்குள் போனான். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

நோரா குட்டியின் முன்னால் ஒரு புதுப் பாக்கெட்டைப் பிரித்து வைத்தாள். ஆழ்கடல் மீன், ஜெல்லியில் போட்டது. கடையிலேயே விலை கூடியது அதுதான். இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தபசு தொடங்கும் வரை சேமியா தின்றது கோழிப் பாக்கெட். அதை நிறுத்தியது மாமியார் ஜெசிந்தா.

ஜெசிந்தா ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். அவர் வீட்டில் தபசின் நாற்பது நாளும் சுத்தபோசனம். வாரத்துக்கு ஒரு வெள்ளி என்ற சலுகையெல்லாம் கிடையாது. ஆட்டுக்கறி, கோழிக்கறி எதுவும் வாசற்படி ஏறாது. மீன் ஏறலாம், மீன் கறிக் கணக்கில் வராது. தபசுக்கு முந்தின நாள் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூனைப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"சிக்கன்னு போட்டிருக்கே."

"அத்தை, அது பூனைக்கு."

"பூனை இந்த வீட்டுப் பூனைதானே?"

"ஆமா."

"அப்ப இந்த வீட்டு முறைப்படி இருக்கட்டும். நாப்பது நாள் மீன் தின்னா செத்துடாது. எனக்குத் தெரியாம கோழி உள்ள வந்துச்சுன்னா, அன்னைக்கே அது வேற வீடு பார்த்துக்கணும். நான் சொன்னா சொன்னதுதான்."

சொன்னால் சொன்னதுதான். பால்காரரிலிருந்து பங்குச்சாமியார் வரை அது எல்லோருக்கும் தெரியும். நோரா அன்று சாயந்திரமே மயிலாப்பூரில் பிராணிகளுக்கான கடைக்குப் போய் மீன் பாக்கெட்டாக அள்ளிக்கொண்டு வந்தாள். டூனா ஒத்துக்கொள்ளவில்லையென்றால் மத்தி, மத்தியும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் ஆழ்கடல் மீன், கிரேவி சரிப்படவில்லையென்றால் ஜெல்லி. மாற்றி மாற்றி வைத்தாள். தன் குட்டிக்கு நல்லது தேடுவதில் அவளுக்குக் குறையே கிடையாது.

சேமியா ஜெல்லியை நக்கியது. சற்று நேரத்தில் அதையும் கக்கியது.

நோராவுக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் அவளுக்குக் கூடவே கோபமும் வரும், இரண்டும் சேர்ந்து வந்தால் கோபம்தான் முன்னால் நிற்கும். பள்ளிக்கு லீவு சொன்னாள். மாமியார் காலைப் பூசைக்கும் சோஃபியா மார்க்கெட்டுக்கும் போகட்டும் என்று காத்திருந்து, சமையலறையைச் சோதனை போட ஆரம்பித்தாள். எலி மருந்தோ எறும்புப் பொடியோ, ஏதாவது ஒன்று கிடைக்கும் என்ற நம்பிக்கை. மளிகை அலமாரியில் இல்லை. சிங்க்கின் கீழே இல்லை. கடைசியில் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரைத் திறந்தாள். ஐஸ் ட்ரேக்களுக்குப் பின்னால், பட்டாணிப் பைக்கு அடியில் நீல மூடி போட்ட ஒரு டப்பா.

திறந்தாள். வெந்த கோழி, நார் நாராகப் பிய்த்துப் போட்டிருந்தது.

விஷம் தேடிப் போனவளுக்குக் கோழி கிடைத்தது. நோரா அங்கேயே நின்று சிரித்தாள். மூத்த மருமகள், வெள்ளி தவறாமல் சர்ச்சில் சிலுவைப்பாதை ஜெபத்தில் முன்னால் நின்று பாட்டு எடுக்கிறவள், வீட்டுக்குள்ளேயே கோழியை ஒளித்து வைத்துத் தின்கிறாள். அதுவும் தபசில்.

இதைவிட நல்ல நாள் வாய்க்காது. அன்று சாயந்திரம் அன்பியக் கூட்டம் அந்த வீட்டில்தான். தெருவில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபம் சொல்கிற கூட்டம் அது. இன்றைக்கு ஃபாதர் லாசரும் வருகிறார், புதுத் தலைவியின் பெயரை அறிவிக்க. அந்தப் பெயர் சோஃபியா என்பது தெருவுக்கே தெரியும். சோஃபியா போன ஞாயிறே அதற்கென்று ஒரு காட்டன் புடவை எடுத்துக் கஞ்சி போட்டு வைத்திருந்தாள்.

'என் குட்டிய அணு அணுவாக் கொல்றியா? இரு, உன்னை எல்லார் முன்னாடியும் ஒரே நிமிஷத்துல முடிக்கறேன்' என்று நோரா டப்பாவிடம் சொன்னாள். ஐஸ் ட்ரேக்களைப் பின்னால் தள்ளினாள். டப்பாவை முன்னால் இழுத்து வைத்தாள். மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டாள்.

தானே காட்டிக்கொடுப்பதாக அவளுக்கு உத்தேசம் இல்லை. அத்தையே கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் பென்சில் காணாமல் போனாலும் எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்பதுதான் ஜெசிந்தா டீச்சரின் வழக்கம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை.

சாயந்திரம் ஹால் நிறைய ஆட்கள். மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி. ஜெபமாலை ஓடியது. எங்களுக்குத் தீங்கு செய்தவர்களைப் பொறுக்கிறோம் என்று வருகிற இடத்தில் நோரா உதட்டை மட்டும் அசைத்தாள், சத்தம் விடவில்லை. அந்த அளவுக்கு அவளுக்கு நேர்மை உண்டு.

ஜெபம் முடிந்தது. ஃபாதர் லாசர் தொண்டையைச் செருமினார். சோஃபியா முந்தானையைச் சரி செய்துகொண்டாள். நோரா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, ஜூஸ் ரெடி. ஐஸ் மட்டும் கொஞ்சம் எடுத்துத் தரீங்களா? என் கையெல்லாம் எலுமிச்சம்பழம்."

ஜெசிந்தா உள்ளே போனார். ஃப்ரிட்ஜ் கதவு திறந்தது. அது மூடுகிற சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் கையில் ஐஸ் இல்லை. டப்பாவை டீப்பாய் மேல், ஃபாதரின் ஜெபப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது யாருது?"

முன் வரிசையில் இருந்த ஜாஸ்மின் எட்டிப் பார்த்தாள். "கோழி மாதிரி இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பின்னால் இருந்தவர்களுக்கும் அது கேட்டது.

"நான் கேட்டேன். என் வீட்டு ஃப்ரிட்ஜுல, தபசு நாள்ல, யாரு வச்சது?"

"என்னுது அத்தை" என்றாள் சோஃபியா.

"எதுக்கு?"

சோஃபியா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நோராவின் அறைக் கதவை ஒரு தடவை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

ஃபாதர் லாசர் குறுக்கே வந்தார். "விடுங்கம்மா. திருச்சபை வெள்ளிக்கிழமைக்கு மட்டும்தானே கட்டாயம்னு சொல்லுது."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைதான் ஃபாதர்" என்றார் ஜெசிந்தா. "தலைவி விஷயத்த இன்னொரு நாள் பேசிக்கலாம்."

சோஃபியா எழுந்து உள்ளே போனாள். கஞ்சி போட்ட புடவை மொடமொடவென்று சத்தம் போட்டது. ஜெசிந்தா டப்பாவை வாசலுக்கு எடுத்துப் போய்க் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்து கை கழுவினார். நோரா எல்லோருக்கும் ஐஸ் இல்லாத ஜூஸைக் கொடுத்தாள், தானும் ஒரு டம்ளர் குடித்தாள். அப்படி ஒரு இனிப்பு. ஒரு மாதமாக நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிப் போன மாதிரி இருந்தது. நன்றாக வேண்டும் அவளுக்கு, நன்றாக வேண்டும் என்று ஒவ்வொரு மடக்குக்கும் சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷத்தோடு அறையைத் திறந்தாள். சேமியா தரையில் நீட்டிப் படுத்திருந்தது. கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது.

ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் நோரா. விக்டர் பக்கத்தில். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இன்னா மேடம், குட்டிக்கு முடியலியா? மூச்சு வுட்டுக்கினுதான் கீது, பயப்படாத. சீக்கிரம் போய்டலாம்."

கோபாலபுரம் கிளினிக்கில் டாக்டர் ஸஹானா குட்டியின் தோலைக் கழுத்துப் பக்கம் இழுத்துவிட்டுப் பார்த்தார். தோல் மெதுவாகத்தான் பழைய இடத்துக்குப் போனது.

"தண்ணி வத்திப் போயிருக்கு. ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்க?"

"டாக்டர், யாரோ இதுக்கு விஷம் வைக்கறாங்க" என்றாள் நோரா. யாரோ என்பதை அழுத்திச் சொன்னாள். விக்டர் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தான்.

டாக்டர் குட்டிக்குத் தோலுக்கடியில் சலைன் ஏற்றிக்கொண்டே கேள்வி கேட்டார். ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்து உள்ளே அனுப்பி ரிசல்ட் வரும்வரை உட்கார வைத்தார். பிறகு கூப்பிட்டார்.

"விஷத்துக்கான அறிகுறி ஒண்ணும் இல்ல. என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

நோரா கைப்பையிலிருந்து பாக்கெட்களை எடுத்து மேஜையில் பரப்பினாள். கொஞ்சம் பெருமையாகவே பரப்பினாள். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் எத்தனை நாளைக்குள்ள குடுத்தது?"

"ஒண்ணு ஒத்துக்கலன்னா அடுத்த நாளே மாத்திடுவேன் டாக்டர்."

"அதான். ஒத்துக்காத வயித்துக்கு நாளைக்கு ஒண்ணா மாத்தவே கூடாது. புதுசக் கொஞ்சம் பழசோட கலந்து, ஒரு வாரம் பத்து நாள் எடுத்து மெதுவா மாத்தணும். இது எல்லாமே பெரிய பூனைக்கானது, குட்டிக்குன்னு போட்டது ஒண்ணுகூட இல்ல. ஒரு பாக்கெட்லயே மூணு விதமான மீன் வேற. இந்த மாதிரி வயித்துக்கு ஒரே ஒரு மாமிசம் இருக்கறதாப் பார்த்து எடுக்கணும். முன்னாடி என்ன சாப்பிட்டா?"

"கோழி. அப்ப இவ்ளோ மோசம் இல்ல."

"ஏன் நிறுத்தினீங்க?"

விக்டர் போஸ்டரைப் பார்த்தபடியே சொன்னான், "தபசு டாக்டர். வீட்டுல யாரும் கறி சாப்பிடக் கூடாது."

டாக்டர் ஸஹானா பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவாரோ என்று நோரா பார்த்தாள். அவர் திட்டவில்லை.

"நடுவுல நல்லா இருந்த நாளே இல்லையா?"

"செவ்வாய், வியாழன் ராத்திரி நல்லாத் தூங்குவா. எனக்கு அன்னைக்கு டென்த்துக்கு ஸ்பெஷல் கிளாஸ், லேட்டாதான் வருவேன். இந்த வாரம் அதுவும் இல்ல. ரூமைப் பூட்டிட்டுப் போனேன்."

"அப்ப அந்த ரெண்டு நாளும் வீட்டுல வேற யாரோ வேற சாப்பாடு வச்சிருக்காங்க. நல்லதாதான் வச்சிருக்காங்க. சரி, இன்னைக்கு ராத்திரியிலிருந்து நாலஞ்சு நாளைக்கு வெறும் கோழி. தோல் எடுத்துடுங்க. உப்பு, வெங்காயம், பூண்டு, மஞ்சள் எதுவும் வேண்டாம். தண்ணியில அவிச்சு, நார் நாராப் பிச்சு, ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனா அடிக்கடி குடுங்க. அப்புறம் குட்டிக்கான கோழிப் பாக்கெட்டக் கொஞ்சம் கொஞ்சமாக் கலக்கலாம். இப்ப இருக்கற நிலைமையில இன்னொரு தடவ மீன் குடுத்தீங்கன்னா, தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

உப்பு இல்லாமல், மஞ்சள் இல்லாமல், நார் நாராக. நோராவுக்கு நீல மூடி ஞாபகம் வந்தது. மசாலா படாமல் வெளுத்துக் கிடந்த அந்தக் கோழியை எந்த மனுஷி ஆசைப்பட்டு ஒளித்து வைத்துத் தின்பாள்? காலையில் அதைத் திறந்து பார்த்துச் சிரித்தாளே, அப்போது கெமிஸ்ட்ரி டீச்சரின் மூளை எங்கே போயிருந்தது? வெறுப்பு இருக்கிற இடத்தில் அதற்கு வேலை இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் இன்னொரு ஆட்டோ நின்றது. சோஃபியா பையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். புடவை மாற்றியிருந்தாள். விக்டர் சில்லறை மாற்றப் போக, நோரா கூடையோடு இறங்கி அவள் முன்னால் போய் நின்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"அது சேமியாவுக்கா அக்கா?"

"யாருக்குன்னு நினைச்ச?"

"ஏன் சொல்லல?"

"யார்கிட்ட? என் மூஞ்சியப் பார்த்தா கதவச் சாத்தற உன்கிட்டயா? இல்ல அத்தைகிட்டயா? கோழி பூனைக்குன்னு வாயத் திறந்திருந்தா, இவ இந்நேரம் தெருவுல கிடந்திருப்பா." சோஃபியாவின் குரல் உயரவில்லை. "ஒரு நாள் உன் பாக்கெட்ட இவ மோந்துகூடப் பார்க்கல. பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ போட்ட கோழித் துண்டத் தின்னுட்டு அன்னைக்கு ராத்திரி முழுக்க நிம்மதியாத் தூங்கினா. அதுக்கப்புறம் நான் கோழி வாங்கிக் குடுப்பேன், அவங்க அவிச்சு டப்பால போட்டுக் குடுப்பாங்க. அவங்களும் நோன்புதான், வாயில வச்சுக்கூடப் பார்க்காம அவிச்சுக் குடுத்தாங்க."

"புடவை மேல வாந்தி எடுத்தப்ப நீங்கதானே..."

"சொன்னேன். அறுபது தடவ சொல்லுவேன். அதுக்காக வாயில்லாத ஜீவன் சாகறதப் பார்த்துக்கிட்டு இருக்கணுமா? ஐஸ் ட்ரேயப் பின்னாடி தள்ளினது நீதானே?"

நோரா தலையை ஆட்டினாள். பொய் சொல்ல நேரம் இல்லை, கூடைக்குள் குட்டி முனகியது.

"குடு அவள."

"அக்கா..."

"டாக்டர் கோழிதானே குடுக்கச் சொன்னாங்க? இந்த வீட்டு அடுப்புல வைப்பியா? எங்கம்மா வீட்டுல பூனைக்கெல்லாம் தபசு கிடையாது. குடு."

நோரா கூடையைக் கொடுத்தாள். வேறு வழி இல்லை. மருந்துச் சீட்டையும் கொடுத்தாள். சோஃபியா கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தாள்.

"எப்ப திருப்பிக் கொண்டு வருவீங்க?"

"அடுத்த வெள்ளி சிலுவைப்பாதை முடிஞ்சதும் கோயில்ல எல்லாரும் இருப்பாங்க. ஃபாதர் இருப்பாரு, ஜாஸ்மின் இருப்பா, மைக்கும் இருக்கும். அந்த டப்பா யாருக்குன்னும், அத முன்னாடி இழுத்து வச்சது யாருன்னும் நீயே சொல்லு. அன்னைக்கே இவ உன் கைக்கு வந்துடுவா."

"சொன்னா அத்தை இவள வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்களே."

"ஆமா" என்றாள் சோஃபியா. "சேர்க்க மாட்டாங்க."

அன்று முழுக்க அவள் முகத்தில் இல்லாத சிரிப்பு அப்போது வந்தது. ஆட்டோ பாலவாக்கம் பக்கம் திரும்பிப் போனது.

நோரா வெறும் கையோடு நின்றாள். வெட்கமாக இருந்தது, அது உண்மை. ஆனால் அந்தச் சிரிப்பு வெட்கத்தைத் தின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஜெசிந்தா வாசலுக்கு வந்தார்.

"எங்கடி பூனை? டாக்டர் என்ன சொன்னாங்க?"

சொல்லிவிடலாம் என்றுதான் நோரா வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அக்கா தூக்கிட்டுப் போயிட்டாங்க அத்தை. நான் குடுக்க மாட்டேன்னேன். கேக்காம பிடுங்கிட்டுப் போயிட்டாங்க."

"பிடுங்கிட்டா? என் வீட்டு வாசல்ல நின்னா?" ஜெசிந்தாவின் மூக்கு விடைத்தது. "முதல்ல நோன்ப முறிச்சா, இப்ப திருட்டா? இரு, இப்பவே ஃபிரெட்ரிக்குக்குப் போன் போட்டு, இவ இனிமே இந்தப் படி ஏறக் கூடாதுன்னு சொல்றேன்." அவர் போனை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

நோரா தடுக்கவில்லை. கேட் கம்பி கிறீச்சிட்டது. ஆட்டோவுக்குச் சில்லறை மாற்றப் போனவன் எப்போதோ திரும்பி வந்து இருட்டில் அங்கேயே நின்றிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. விக்டர் அவளைத் தாண்டி நேராகப் படியேறிப் போனான்.

"அம்மா," என்றான், "போனக் கீழ வைங்க."